கட்டைவிரலுக்குத் தெரிகிற குறி

போல்ட் என்றதும் வெளியாட்கள் நட் எங்கே என்று கேட்பார்கள். அந்தத் தொழிற்சாலையில் அப்படிக் கேட்டவரை ஒரு மாதத்துக்காவது நட்டு என்றே கூப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். அங்கே போல்ட் என்றால் துப்பாக்கிக்குள் முன்னும் பின்னும் ஓடுகிற இரும்புக் கட்டி. முன்னே ஓடும்போது தோட்டாவைத் தள்ளிக்கொண்டு போய்க் குழலின் வாயை அடைத்துப் பூட்டிக்கொள்ளும். வெடித்ததும் பூட்டு அவிழ்ந்து, வெற்றுக் கூட்டை இழுத்து வெளியே எறிந்துவிட்டுப் பின்னே ஓடிவரும். பின்னால் ஒரு சுருள்வில் காத்திருக்கும். வந்ததும் வராததுமாக அதை மறுபடியும் முன்னே விரட்டிவிடும்.

"போன எடத்துலயும் நிக்காது, வந்த எடத்துலயும் தங்காது. எங்க வீட்டுக்காரரப் பாத்துத்தான் செஞ்சிருக்காங்க" என்பாள் சாவி.

சாவி என்பது அவள் பெயரில்லை. சோதனை மேசையில் உட்காருகிற பெண்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு குறி உண்டு. சின்ன எஃகுப் பஞ்ச், அதன் நுனியில் ஒரு உருவம். பார்த்தாயிற்று, அளவு சரி என்றால் போல்ட்டின் பக்கவாட்டில் அதை வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டு. சாவி உருவம் வைத்திருந்தவள் சாவி. மீன் வைத்திருந்தவள் மீன். நாள் போகப் போகச் சொந்தப் பெயர் சம்பளத்தன்று மட்டும் வெளியே வரும். இந்தக் கதைக்கு உரியவளின் குறி ஒரு நீர்த்துளி. நெல்மணியைவிடச் சின்னது. அவளைத் துளி என்றார்கள். வயதில் இளையவர்கள் துளியக்கா என்றார்கள்.

அவள் வேலை இதுதான். கடைசல் பட்டறையிலிருந்து எண்ணெய் வழிய வருகிற போல்ட்டைத் துணியால் துடைப்பாள். அளவுச் சட்டத்துக்குள் விட்டுப் பார்ப்பாள். பிறகு மேசையில் சரிவாக நிறுத்தியிருக்கும் மாதிரித் தடத்தில் வைத்துக் கையை எடுத்துவிடுவாள். யாரும் தள்ளாமல், தன் கனத்திலேயே அது வழுக்கிப் போய் அடியில் 'டக்' என்று உட்கார வேண்டும். வழியில் தயங்கினால் ஆகாது. டக் கேட்டதும் குறி. குறி விழுந்தால் அது உலைக்குப் போய், வெந்து இறுகி, கறுத்து வெளியே வரும். அதற்குப் பிறகு யாரும் அதை அளப்பதில்லை. உலைக்குப் போகும் முன் அடுத்த மேசைக்காரி ஓரங்களின் பிசிறை மட்டும் அரத்தால் எடுப்பாள். ஆனால் குறியின் பக்கம் அரம் போகாது. ஒருத்தி குறி மேல் இன்னொருத்தி அரம் வைத்தால், உன் வேலை செல்லாது என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி. அதற்காக இரண்டு பேர் வருடக்கணக்கில் பேசாமல் இருந்த கதையெல்லாம் அங்கே உண்டு.

துளிக்கு நாற்பது தாண்டிவிட்டது. அம்மா போனபோது தம்பிக்குப் பால்பல் கூட விழவில்லை. அவனை இடுப்பில் வைத்துக்கொண்டே அவள் வளர்ந்தாள். பெண் பார்க்க வந்தவர்கள், "பையனும் கூடவே வருவானா?" என்று கேட்டபோதெல்லாம் ஆமாம் என்றாள். அவர்களும் காபியைக் குடித்துவிட்டு எழுந்து போனார்கள். அதில் அவளுக்குப் பெரிய வருத்தம் ஒன்றும் இல்லை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

அப்பா அதே தொழிற்சாலையில் சுட்டுப் பார்க்கிற கொட்டகையில் இருந்தவர். நீளக் கொட்டகை, கடைசியில் மண்மேடு. காலையில் ஆரம்பித்தால் சாயங்காலம் வரை சுடுவதுதான் வேலை. காதில் பஞ்சு வைத்துக்கொண்ட காலம் அது. ஐம்பது வயதுக்குள் காது இரண்டும் கைவிட்டுவிட்டன. அதற்குப் பிறகும் அவரை வேலையிலிருந்து எடுக்கவில்லை. மெல்லிய கம்பி ஒன்றின் ஒரு முனையைத் துப்பாக்கியின் உடம்பில் வைத்து, மறுமுனையைப் பல்லால் கடித்துக்கொள்வார். போல்ட் ஓடுகிற ஓட்டம் தாடை எலும்பு வழியாக அவருக்குத் தெரிந்துவிடும். "நல்லா இருக்கு", "வில்லு சோம்பேறி", "பாதி வழியில மூச்சு வாங்குது" என்று கம்பியைக் கடித்தபடியே கத்துவார். வீட்டிலும் கத்தல்தான். உப்பு வேண்டும் என்று அவர் கேட்டால் தெரு முழுக்க உப்பைத் தேடும்.

தம்பி பட்டாளத்துக்குப் போனான். மலை உச்சியில் காவல். கல்யாணமாகி ஒரு மழைக்காலம்கூட முழுசாக வீட்டில் இருக்கவில்லை. அவன் பெண்டாட்டியை வீட்டில் சின்னவள் என்பார்கள். வாசலை ஒட்டிய அறையில் தையல் மிஷினைப் போட்டு அக்கம்பக்கத்துத் துணிகளைத் தைத்துக்கொண்டிருந்தாள்.

போன விடுமுறைக்கு வந்திருந்தபோது ஒரு காலையில் தம்பி சமையலறைத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து உருளைக்கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டிருந்தான். துளி அடுப்பில் பால் வைத்திருந்தாள்.

"அக்கா, உங்க பேக்டரி துப்பாக்கிதான் அங்க எங்களுக்கு."

"தெரியுமே. பெட்டி மேல மலைக்காவல்னுதான எழுதி அனுப்புறோம்."

"தெனமும் ராத்திரி கழட்டித் துடைக்கணும். வெளக்கு போட விட மாட்டாங்க. கை பாத்துக்கணும், அவ்வளவுதான். அப்பல்லாம் போல்ட்டைத் தடவித் தடவிப் பாப்பேன், உன் குறி இருக்கான்னு."

"இருந்துச்சா?"

"எங்க? ஒண்ணுமே தட்டுப்படல. பூ வச்ச மாதிரி அடிக்கிற நீ. பகல்ல கண்ணாடி வச்சுப் பாத்தாத்தான் தெரியும் போல. இன்னும் கொஞ்சம் அழுத்தி அடிக்கா. அங்க குளுருல விரலே மரத்துப் போயிருது. கட்டைவிரலுக்குத் தெரியுற மாதிரி இருந்தா, அட, அக்கா இங்கதான் இருக்கான்னு ஒரு இதுவா இருக்கும்."

சொல்லிவிட்டு, தான் சொன்னது தனக்கே வெட்கமாகிப் போனதால் கிழங்குத் தோலை அவள் மேல் எறிந்தான். பால் பொங்கி அடுப்பில் வழிந்தது.

"ரெண்டு பேரும் எதைப் பேசிக்கிட்டுப் பாலை விட்டீங்க?" என்று கூடத்திலிருந்து அப்பா கத்தினார். காது கேட்காவிட்டாலும் கருகிய வாசனை அவருக்கு முதலில் தெரிந்துவிடும்.

அவன் ரயில் ஏறிப் போன மறுநாள் துளி மேசையில் உட்கார்ந்து முதல் போல்ட்டைத் தடத்தில் விட்டாள். டக். பஞ்சை வைத்தாள். வழக்கமான ஒரு தட்டு தட்டினாள். கட்டைவிரலால் தடவினாள். ஒன்றும் தெரியவில்லை. பஞ்சை மறுபடியும் அதே பள்ளத்தில் வைத்து, சுத்தியலை முழங்கை உயரத்துக்குத் தூக்கி ஒரு போடு போட்டாள். தடவினாள். தெரிந்தது. ஓரங்கள் உதடு மாதிரி லேசாக எழும்பி, நடுவில் துளி ஆழமாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு மறுபடியும் தடவினாள்.

பக்கத்து மேசையிலிருந்து சாவி எட்டிப் பார்த்தாள்.

"என்னடி, குறி வைக்கிறியா, ஆணி அடிக்கிறியா?"

"பஞ்ச் மழுங்கியிருக்கு."

"உன் பஞ்சா? பச்சப்புள்ளை மாதிரி தொடைச்சு வச்சிருப்ப. சரி சரி, உன் குறி, உன் இஷ்டம். நான் தொட மாட்டேன்."

அவள் தொடவும் இல்லை. ஓரத்துப் பிசிறுகளை எடுத்துவிட்டு, துளியின் மேல் அரம் படாமல் விலக்கிப் பெட்டியில் போட்டாள்.

அதிலிருந்து துளிக்கு வேலையில் ஒரு ருசி வந்துவிட்டது. முன்பெல்லாம் ஒரு போல்ட்டும் இன்னொரு போல்ட்டும் அவளுக்கு ஒன்றுதான். இப்போது ஒவ்வொன்றையும் கையில் எடுக்கும்போது, இதுவாக இருக்குமோ என்று தோன்றும். நீ எந்த மலைக்குப் போகிறாய், எந்தக் கை உன்னைத் தடவும் என்று மனதுக்குள் கேட்டுக்கொண்டே அடிப்பாள். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது வலது தோள்பட்டை விண்விண் என்று தெறிக்கும். சின்னவள் வெந்நீர் வைத்து ஒத்தடம் கொடுப்பாள்.

"மெதுவா அடிக்கக் கூடாதா அண்ணி?"

"வேலை அப்படி" என்பாள்.

மலையிலிருந்து தம்பிதான் கூப்பிட முடியும். இங்கிருந்து அவனைக் கூப்பிட வழியில்லை. அங்கே ஒரே போன், காவல் மாறும்போது வரிசையில் நின்று பேச வேண்டும். காற்று பலமாக அடித்தால் அதுவும் செத்துவிடும். வெயில் காலம் தொடங்கியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. முதலில் அப்பா. இது அந்த வீட்டு முறை. அவர் போனைக் காதில் வைக்க மாட்டார், தாடையோடு அழுத்திக்கொள்வார். தம்பி அந்தப் பக்கம் தொண்டை கிழியக் கத்துவான். அப்பா கண்ணை மூடிக்கொண்டு, "ம்... ம்..." என்று தலையாட்டுவார். வார்த்தை எதுவும் அவருக்குப் பிடிபடாது. 'இர்ர்ர்' என்று ஏதோ அதிர்கிறது, அது என் மகன், அவ்வளவு போதும் என்பார்.

அடுத்து துளி வாங்கினாள்.

"அக்கா, கெடச்சிருச்சு!"

"என்ன கெடச்சுது?"

"உன் துளி! துப்பாக்கிய புதுசா மாத்திக் குடுத்தாங்க. ராத்திரி துடைக்கும்போது விரல்ல நெருடுச்சு. எனக்கு ஒரு நிமிஷம் மூச்சே நின்னு போச்சு. பக்கத்துல படுத்திருந்தவன எழுப்பி, எங்க அக்கா எங்க அக்கான்னு காட்டினேன். அவன் என்னை ஒரு மாதிரியா பாத்துட்டுத் திரும்பிப் படுத்துட்டான்."

துளி போனை மறு காதுக்கு மாற்றினாள். "சாப்பிட்டியா?" என்றாள்.

சின்னவள் கையில் போன் வந்தபோது பின்னாலிருந்து யாரோ அவனை அவசரப்படுத்துவது கேட்டது. அவளுக்குக் கிடைத்தது இரண்டு வார்த்தை. போனை வைத்துவிட்டு அவள் மிஷினில் உட்கார்ந்து வெறுமனே சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்கென்ன அண்ணி, தெனமும் ராத்திரி உங்களைத் தடவிப் பாக்குறாரு. எனக்கு அங்க என்ன இருக்கு?" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அன்று முழுக்கத் துளி அந்த மிஷின் பக்கமே போகவில்லை.

பிறகு காற்றுக் காலம் வந்தது. ஜன்னலைச் சாத்தினாலும் சோற்றுத் தட்டில் மண் நறநறத்தது. துவைத்துக் காயப்போட்ட துணியை உதறினால் புழுதி பறந்தது. இங்கேயே இப்படியென்றால் மலையில் எப்படி இருக்கும் என்று மூன்று பேரும் நினைத்தார்கள், யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. போன் வரவில்லை. சின்னவள் சாப்பிடும்போதும் போனை மடியில் வைத்துக்கொண்டாள்.

அந்தச் சமயத்தில்தான் மலையிலிருந்து துப்பாக்கிப் பெட்டிகள் சில திரும்பி வந்தன. போர்மேன் நெற்றியில் அடித்துக்கொண்டு வந்தார். அவருக்கு எதற்கெடுத்தாலும் ஒரே வார்த்தை.

"குடி முழுகிப் போச்சு! போல்ட் பாதி வழியில நின்னுருதாம். முழுசா போய்ப் பூட்ட மாட்டேங்குதாம். எல்லாத்துலயும் இல்ல, சிலதுல. காத்து ஆரம்பிச்சதுல இருந்துதானாம்."

"யாருக்காவது ஏதாவது ஆயிருச்சா?" துளி கேட்ட வேகத்தில் மேசை மேலிருந்த பஞ்ச் கீழே விழுந்து உருண்டது.

"இன்னும் இல்ல. ஆனா அவசரத்துக்கு இழுத்து, அது பாதியில நின்னுருச்சுன்னா? கையில இருக்கிறது வெறும் தடி."

டிசைன் அம்மா கீழே இறங்கி வந்தார். மாடியில் வரைபட அறையில் இருப்பவர். இந்தப் போல்ட்டை வரைந்ததே அவர்தான். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு திரும்பி வந்த போல்ட்டுகளை மேசையில் வரிசையாக வைத்தார். எதன் மேலும் அவர் கோபப்படவில்லை. வில்லை மாற்றிப் பார்த்தார். கொஞ்சம் புழுதியை எடுத்துத் தடத்தில் தூவினார். பிறகு போல்ட்டின் பக்கமெல்லாம் நீல மையைத் தடவித் தடத்தில் விட்டு, எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார். உடம்பு முழுக்க நீலம் அப்படியே இருந்தது. ஒரே ஓர் இடத்தில் மட்டும் மை வழித்துப் போய் இரும்பு பளிச்சென்று தெரிந்தது. துளிக்குறியின் உதடுகள்.

"இது யாரோட குறி?"

எல்லோரும் துளியைப் பார்த்தார்கள்.

"இங்க வாங்க" என்றார் டிசைன் அம்மா. அவள் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தார். "தெரியுதா? குறியைச் சுத்தி இரும்பு எழும்பியிருக்கு. உலையில வெந்ததும் அது கல்லாயிருச்சு. நான் இந்தப் பக்கத்துல தலைமுடி அளவுக்கு லூசு விட்டு வரைஞ்சிருக்கேன். மண்ணு வரும், பனி வரும், அதெல்லாம் வந்தா ஒதுங்கிப் போக ஒரு எடம் வேணும்ல. காலியா இருந்தாத்தான் அது ஓடும். அந்த எடத்த நீங்க நிரப்பிட்டீங்க."

குறி விழும் முன்பே அளந்தாகிவிட்டது. குறி விழுந்த பிறகு அரம் வைக்க யாருக்கும் மனம் வராது. அதனால்தான் அது எல்லோர் கையையும் தாண்டிப் போய்விட்டது. சாவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

போர்மேன் நடுவில் புகுந்தார். "அம்மா, பஞ்ச் போன மாசம் புதுசா குடுத்தோம். முனை கூரா இருந்திருக்கும். அதான். புதுப் பஞ்ச் வந்தப்புறம் அடிச்சது மட்டும்தான் இப்படி. இவ பொறுப்பான பொண்ணு." சொல்லிக்கொண்டே துளியைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். வாயைத் திறக்காதே என்று அர்த்தம்.

டிசைன் அம்மா தலையசைத்தார். "அப்ப அந்தப் பெட்டிங்களோட நம்பரை மட்டும் எழுதுறேன். எல்லாத்தையும் கழட்டுன்னா மேல ஒத்துக்க மாட்டாங்க, காவலை யார் பாக்குறது? எண்ணெய் விட்டுத் தீட்டுற கல்லால அந்த எடத்த மட்டும் தேய்ச்சாப் போதும், அங்கேயே செஞ்சுக்கலாம். நாளைக்குக் காலையில தகவல் போயிரும்."

துளி அன்று வீட்டுக்கு நடந்தே வந்தாள். காற்று எதிரே அடித்துக் கண்ணை அறுத்தது. தம்பி போனில் சொன்னது வெயில் காலம் தொடங்கியபோது. புதுப் பஞ்ச் அதற்கு வெகு பின்னால் வந்தது. நாளைக்குப் போகிற தகவலில் எந்தப் பெட்டியின் எண் இருந்தாலும் அவனுடையது இருக்காது.

சின்னவள் தட்டு வைத்தாள். துளி சோற்றைப் பிசைந்தபடியே இருந்தாள். அப்பா சாப்பிட்டு முடித்து, கை கழுவி, இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "என்னவோ இருக்கு. எனக்கு யாரு சொல்லப் போறா" என்று கத்திவிட்டுப் போய்ப் படுத்தார்.

"என்ன அண்ணி?"

துளி சொன்னாள். உருளைக்கிழங்கிலிருந்து ஆரம்பித்து நீல மை வரை சொன்னாள். சின்னவள் முதலில் புரியாமல் கேட்டாள். புரிந்ததும் எழுந்து நின்றுவிட்டாள்.

"ஆசைக்கு அடிச்சீங்களா? அவர் உசுரு அதுலதான இருக்கு? அந்த இரும்புலதான அண்ணி இருக்கு?"

"ஆமாம்மா."

"ஆமாங்கிறீங்க! எவ்வளவு லேசா ஆமாங்கிறீங்க!"

"லேசா இல்லம்மா."

சின்னவள் சுவரோடு சுவராகச் சாய்ந்து உட்கார்ந்தாள். தட்டில் சோறு காய்ந்தது. கடைசியில் சின்னவள்தான் மூக்கைத் துடைத்துக்கொண்டு பேசினாள்.

"அவர் சட்டைக் காலருக்கு உள்பக்கம் நான் ஒரு முடிச்சு போட்டு விட்டிருக்கேன். செவப்பு நூல்ல. கழுத்துல உறுத்தணும்னே போட்டேன். உறுத்துனா நெனப்பாருல்ல." கொஞ்சம் நிறுத்தினாள். "நூலு பரவாயில்ல. யாரையும் கொல்லாது."

துளி அவள் கையைப் பிடித்தாள். சின்னவள் இழுத்துக்கொள்ளவில்லை.

"நாளைக்குச் சொல்லிருவீங்கல்ல?"

"சொல்லிருவேன்."

"வேலை போயிருமா?"

"போகட்டும். சொல்லலேன்னா அப்புறம் அந்தக் கையை வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய?"

காலையில் சங்கு ஊதும் முன்பே அவள் மாடிப்படியில் நின்றாள். டிசைன் அம்மா சாவிக்கொத்தோடு ஏறி வந்தபோது வழியை மறித்துக்கொண்டு சொன்னாள்.

"பஞ்ச் மேல தப்பு இல்லம்மா. நான்தான் ஓங்கி அடிச்சேன். புதுசு வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே. தம்பி லீவு முடிஞ்சு போன மறுநாள்ல இருந்து."

"ஏன்?"

எத்தனையோ பதிலை இரவெல்லாம் கூட்டிக் கூட்டி வைத்திருந்தாள். வாயில் வந்தது இதுதான். "விரலுக்குத் தெரியணும்னு கேட்டான்மா."

டிசைன் அம்மா அவளையும் மேலே கூட்டிக்கொண்டு போனார். பிறகு கதவைத் திறந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்க. அவர் எப்ப ரயில் ஏறினாருன்னு யோசிச்சுச் சொல்லுங்க" என்றார். எழுதியதை அடித்துவிட்டு மறுபடி எழுதினார். அந்தக் காலத்துக்குள் துளிக்குறி விழுந்த போல்ட் எல்லாவற்றையும் கல்லால் தேய்க்க வேண்டும். எதுவரை? பேனா அங்கே நின்றது. மலையில் நீல மை இருக்காது, மாதிரித் தடம் இருக்காது.

"கட்டைவிரலால தடவினா ஒண்ணுமே தெரியாதவரைக்கும்" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார். எழுதி முடித்துத்தான் நிமிர்ந்தார். துளி ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள்.

அன்று மத்தியானம் அந்தப் பஞ்சின் முனையை எல்லோர் முன்னிலையிலும் சாணைக்கல்லில் பிடித்துத் தட்டையாக்கினார்கள். தப்பு செய்த குறிக்கு அங்கே அதுதான் முறை. வேலை போகவில்லை. அவளை மண்ணெண்ணெய்த் தொட்டிக்கு மாற்றினார்கள். கடைசலிலிருந்து வருவதைக் கழுவிக் கொடுக்கிற இடம். அங்கே இருப்பவர்களுக்குக் குறி கிடையாது. போர்மேன் அவளைத் தாண்டிப் போகும்போது, "நான் காப்பாத்தப் பாத்தேன், நீ..." என்று ஆரம்பித்துக் குடி முழுகிப் போச்சு என்பதைச் சொல்ல மறந்து போய்விட்டார். சாவி மட்டும் சாப்பாட்டு வேளையில் தூக்குவாளியோடு தொட்டிப் பக்கம் வந்து உட்கார்ந்தாள்.

"ஒரு தரம் அரத்தை வச்சிருந்தேன்னா ஒரு வாரம் பேசாம இருந்திருப்ப. அவ்வளவுதான? பாவி, நான் வச்சிருக்கலாம்."

"ஒரு வாரமா? ஒரு வருஷம் பேசியிருக்க மாட்டேன்."

"அந்த ஒரு வருஷமாவது நிம்மதியா இருந்திருப்பேன்" என்றாள் சாவி. இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் துளி அழுதாள்.

தகவல் போய்ச் சேர்ந்ததா, படித்தார்களா, தேய்த்தார்களா என்று யாருக்கும் தெரியவில்லை. காற்று ஓயாமல் அடித்தது. சின்னவள் ஒரே துணியைத் தைத்துப் பிரித்து, பிரித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். மண்ணெண்ணெயில் ஊறி ஊறித் துளியின் விரல்நுனிகள் வெளுத்துச் சுருங்கின. எதைத் தொட்டாலும் வழவழவென்றே தெரிந்தது.

காற்று தணிந்து முதல் தூறல் விழுந்த சாயங்காலம் போன் அடித்தது. சின்னவள் மடியிலேயே அடித்தது. அவள் எடுத்துக் காதில் வைத்து, "இருக்கீங்களா?" என்றாள். வேறெதுவும் கேட்கத் தோன்றவில்லை. அந்தப் பக்கம் அவன் ஏதோ சொன்னான். அவள் தலையை ஆட்டி ஆட்டி அழுதாள். அன்று முறை மாறிவிட்டது. அப்பாவும் துளியும் ஒன்றும் சொல்லாமல் எதிரே நின்றார்கள். பேசி முடித்துச் சின்னவள் போனைத் துளியிடம் நீட்டினாள்.

"அக்கா."

"தகவல் வந்துச்சாடா?"

"வந்துச்சு. வந்து ரொம்ப நாளாச்சு. லைன்தான் செத்துக் கெடந்துச்சு."

"தேய்ச்சியா?"

பதில் வரவில்லை. அவன் சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் பலப்பத்தைத் தின்றுவிட்டு, தின்றாயா என்றால் இப்படித்தான் நிற்பான்.

"தேய்ச்சியான்னு கேக்குறேன்."

"எல்லாரும் தேய்ச்சாச்சு. எனக்குத்தான்... கை வரலக்கா. நேத்துதான் தேய்ச்சேன்."

"முழுசாவா?"

"ம்."

"பொய் சொல்லாத. துப்பாக்கி கையில இருக்கா?"

"காவல் முடிஞ்சு இப்பத்தான் வந்தேன். இருக்கு. காலி பண்ணிட்டேன்."

"கட்டைவிரலால தடவிப் பாரு. கழட்டிப் பாரு. நான் இருக்கேன்."

பின்னால் யாரோ அவசரப்படுத்தினார்கள். அவன் அவர்களிடம் ஏதோ கெஞ்சினான். இரும்பு உரசுகிற சத்தம் கேட்டது. பிறகு வெகுநேரம் ஒன்றும் இல்லை.

"தெரியுதா?"

"தெரியலக்கா."

"நல்லா அழுத்திப் பாரு."

"ஒண்ணுமே தெரியல. எங்க இருந்துச்சுன்னே தெரியல." அவன் குரல் உடைந்தது. "வழவழன்னு இருக்குக்கா."

"நல்லது" என்றாள் துளி. "நல்லதுடா கண்ணு. அப்படித்தான் இருக்கணும்."

சொல்லிவிட்டாளே தவிர அவளுக்கு மனம் ஆறவில்லை. அவன் பொய் சொன்னால்? அக்காவைத் தேய்க்க மனசில்லாமல் கொஞ்சம் மிச்சம் வைத்திருந்தால்? எதிரே நின்ற அப்பாவைப் பார்த்தாள். சட்டென்று, "போட்டுக் காட்டு. மறுபடி மாட்டி, போன் பக்கத்துல வச்சு இழுத்து விடு. அப்பா கேக்கட்டும்" என்றாள்.

"அப்பாவா? அவருக்கு எப்படிக்கா..."

"வைடா!"

போனை அப்பாவின் தாடையில் வைத்து அழுத்தினாள். வலது கையால் இழுத்து விடுகிற மாதிரி அவருக்குச் சைகை காட்டினாள். அப்பாவுக்கு ஒரு நொடியில் புரிந்துவிட்டது. முதுகு தானாக நிமிர்ந்தது. கண்ணை மூடி, இல்லாத கம்பியைக் கடிப்பது போலப் பல்லைச் சேர்த்துக்கொண்டார். தூறல் ஓட்டின் மேல் விழுந்துகொண்டிருந்தது. சின்னவள் மிஷின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்திக்கொண்டாள், அது சுற்றவேயில்லை என்றாலும்.

அப்பாவின் புருவம் அசைந்தது.

"ஓடுது" என்றார். எப்போதும்போல் கத்தவில்லை. அவர் இவ்வளவு மெதுவாகப் பேசி அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. "தயங்கல. நேரா போய் உக்காருது."

துளி தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னொரு தரம் போடச் சொல்லு" என்றார் அப்பா.

சின்னவள் போனுக்குப் பக்கத்தில் குனிந்து, "இன்னொரு தரம்ங்க, மாமா கேக்குறாரு" என்றாள். அவன் போட்டான். அப்பா தலையசைத்தார். இன்னொரு தரம் என்றார். மலையில் வரிசையில் நின்றவர்கள் சிரித்திருப்பார்கள், அல்லது சிரிக்காமலும் இருந்திருக்கலாம். அவன் போட்டுக்கொண்டே இருந்தான். போவதும் வருவதும், போவதும் வருவதும்.

கொஞ்ச நேரத்தில் போனின் வெளிச்சம் அணைந்தது. அதைத் துளி பார்த்தாள், சின்னவளும் பார்த்தாள். லைன் போய்விட்டது. அப்பா கண்ணைத் திறக்கவில்லை. போனைத் தாடையோடு சேர்த்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஓடுது" என்றார் மறுபடியும்.

துளி எழுந்து போய் அவர் பக்கத்தில் நின்றாள். வெளுத்துச் சுருங்கிய கட்டைவிரலை அவர் கையின் மேல் வைத்தாள். போனை வாங்கவில்லை.